கொக்கிச் சுவர்

மெத்தைக்காரி யாரையும் லேசில் நம்பமாட்டாள். அது பிறவிக் குணம் இல்லை, தொழில் கொடுத்த குணம். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஊரார் படுத்து எழுந்த மெத்தைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மேலே கோடு போட்ட நல்ல துணி, அதற்குக் கீழே ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைப் பஞ்சு, நடுவில் கையை விட்டால் கந்தல், சாக்குத் துண்டு, மில்லில் கூட்டி அள்ளிய குப்பை. விற்றவன் சத்தியம் செய்து விற்றிருப்பான். வாங்கியவர் அதன்மேல் வருஷக்கணக்காக நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இதையே பார்த்துப் பார்த்து, யார் சிரித்துக்கொண்டு வந்து நின்றாலும் இந்த ஆள் நடுவில் எதை வைத்துத் தைத்திருக்கிறாரோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றும்.

அப்படிப்பட்டவள் வீட்டுக் கதவில்தான் ஒரு மழைக்காலத்துக் காலையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

மழை மெத்தைத் தொழிலுக்கு ஜென்மப் பகை. பஞ்சு ஈரத்தைக் குடித்துக் கட்டி தட்டிவிடும். காயப்போட வெயில் இருக்காது. தைத்து அடுக்கிய மெத்தையிலிருந்து நனைந்த நாயின் வாடை வரும். அன்று கீழ்த்தளத்துக் கடையின் கதவுப் பலகையைத் தள்ளிய கையில் பசை ஒட்டியது. காகிதம் நனைந்து ஒரு மூலை தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாதி புரிந்தது.

பஸ் ஓட்டுகிற கொழுந்தனுக்குப் போன் செய்தாள். அவன் இரண்டு நடைக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு வந்து நின்றான்.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு ஏதும் முடியலையா?"

"அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குத்தான் வந்திருக்கு. இதைப் படி."

அவன் வாசலில் நின்றபடியே படித்தான். படிக்கப் படிக்க முகம் தொங்கிப்போனது.

"இந்த வீட்டைப் பாரம்பரியக் கட்டிடம்னு குறிக்கப் போறாங்களாம். வெளியூர்லருந்து பிழைக்க வந்தவங்க முதல்முதலா தங்கின வீடாம். அதனால இதுக்கு ஊர்ல ஒரு அடையாளம் குடுக்கணுமாம்."

"குடுத்துட்டுப் போகட்டும். நமக்கென்ன?"

"என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க. குறிச்சுட்டா இடிக்க முடியாது. ஒரு சன்னலை மாத்தணும்னாலும் அவங்க வாசல்ல போய் நிக்கணும்."

"அப்போ இதை இடிச்சுட்டுக் கட்டித் தர்றேன்னாரே, அந்தக் கட்டிடக்காரரு?"

"அவரு எதுக்கு நிக்கப் போறாரு? வேற தெருவைப் பார்த்துப் போயிடுவாரு."

அவள் திரும்பிக் கடைக்குள் பார்த்தாள். பஞ்சு மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் ஒரு கட்டில். அதில் மெத்தைக்காரர் தலையணையை மடித்து முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்த நிலையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். நெஞ்சுக்குள் யாரோ ஓட்டைத் துருத்தியை ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

பஞ்சுத் தூசிதான். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், இந்த மனுஷர் இனிப் பஞ்சுக்குப் பக்கத்தில் படுக்கவே கூடாது, படியும் ஏறக்கூடாது என்று. ஆனால் அந்த வீட்டில் படுக்கையறை, சமையல், குளியலறை எல்லாம் மாடியில். மாடிப்படியோ ஏணிக்குத் தம்பி. ஆகவே பஞ்சுக்குப் பக்கத்தில் படுக்கக் கூடாதவர் பஞ்சுக்கு நடுவில் படுத்தார். அவள் கஞ்சியையும் வெந்நீரையும் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் இறங்கி ஏறினாள்.

இப்படி இருக்கும்போதுதான், நோட்டீஸுக்கு வெகு முன்னால், கட்டிடக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, வாசனை, எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிற பொறுமை. பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதாகவும், கீழ்த்தளத்தில் படியே இல்லாத ஒரு வீடு, உள்ளேயே குளியலறை, வாசல்வரை சறுக்குப் பாதை எல்லாம் தருவதாகவும் சொன்னார். "அண்ணனுக்கு ஒரு படி கூட இருக்காதும்மா, நான் பொறுப்பு" என்றார். தன் நிழலையே நம்பாத மெத்தைக்காரி அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கிப்போனாள். ஆசை எந்தத் திசையில் நிற்கிறதோ அந்தத் திசைக்கு மட்டும் சந்தேகம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

கொழுந்தன் நோட்டீஸை மறுபடி படித்தான். "அண்ணி, இதைக் கேளுங்க. 'மாடிக்கூடத்தில் உள்ள கொக்கிச் சுவர் உள்பட' அப்படின்னு போட்டிருக்கு."

மெத்தைக்காரிக்குச் சுருக்கென்றது.

கொக்கிச் சுவரைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாது. தெரிய வழியில்லை. அவள் வீட்டுக்காரரின் தாத்தா காலத்தில் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் நேராக வந்து விழுந்த இடம் அந்த மாடிக்கூடம். பகலில் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவனும், இரவில் மில்லில் வேலை பார்க்கிறவனும் தரையில் ஒரே இடத்தை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். இடம் பொது, மெத்தை மட்டும் அவனவனுடையது. ஒருவன் எழுந்ததும் தன் மெத்தையைச் சுருட்டிச் சுவர்க் கொக்கியில் மாட்டுவான், மற்றவன் தன்னுடையதை இறக்கி விரிப்பான். பல பாஷைக்காரர்கள், பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அதனால் கொக்கிக்கு மேலே சுண்ணாம்பில் ஆணியால் கீறி அடையாளம் போட்டுக்கொண்டார்கள். ஒரு மீன், ஒரு கோழி, பாதி நிலா, ஒருத்தியின் மூக்கு மட்டும். அந்த ஆட்கள் எல்லாம் போய், கூடம் பஞ்சுக் கிடங்காகி, மூட்டைகள் உத்திரம்வரை ஏறி, சுவர் கண்ணில் பட்டே எத்தனையோ காலமாகிவிட்டது.

"இது வெளியாள் வேலை இல்ல," என்றாள்.

"அதான் நானும் நினைக்கறேன். யார் எழுதிக் குடுத்ததுன்னு கேட்டா சொல்லமாட்டாங்களாம். ஆனா வீட்டைச் சேர்ந்த ஆள் கேட்டாத்தான் எடுத்துக்குவாங்களாம்." கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான். "யாரோ கூட இருந்தே குழி பறிச்சிருக்காங்க அண்ணி."

அவன் போனதும் மெத்தைக்காரி அவனையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். குழி பறித்தவன்தான் முதலில் குழி என்று கத்துவான். ஆனால் கட்டிடக்காரரைக் கூட்டி வந்ததே இவன்தான் என்பது நினைவுக்கு வந்ததும், கொஞ்சம் வருத்தத்தோடு அவனைக் கணக்கிலிருந்து எடுத்தாள்.

அடுத்து நாத்தனார். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்க வந்தாள். மெத்தைக்காரி தேநீரை முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏம்மா, உனக்கு அந்தக் கொக்கியெல்லாம் ஞாபகம் இருக்கா? மேல, கூடத்துல."

"இல்லாம என்ன? சின்ன வயசுல அதுல தொங்கி ஆடி இந்தப் பல்லை உடைச்சுக்கிட்டேனே." நாத்தனார் உதட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"யார்கிட்டயாவது அதைப் பத்திப் பேசினியா?"

"எந்தப் பல்லைப் பத்தி?"

"கொக்கியைப் பத்தி."

நாத்தனார் குவளையைக் கீழே வைத்தாள். "அண்ணி, நேராக் கேளுங்க. நோட்டீஸை நான் பார்த்துட்டுத்தான் உள்ள வந்தேன். நான் எழுதிக் குடுத்தேன்னு நினைக்கறீங்க."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"நீங்க எதைத்தான் சொல்றீங்க? எல்லாத்தையும் கேக்கத்தான் செய்வீங்க. எனக்கு என்ன லாபம்? வீடு நின்னா எனக்குச் சல்லிக்காசு கிடையாது. இடிச்சா என் பொண்ணுக்கு ஒரு அறையாவது கிடைக்கும்."

நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுகிறாளே என்பதுதான் உறுத்தியது. நாத்தனார் எழுந்து அண்ணன் கட்டிலருகே போய் ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைத்து நீட்டினாள். போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போனாள். அடுத்த ஞாயிறு வரவில்லை.

மிச்சம் இருந்தது கடிகாரக்காரர். கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார். கடிகாரம் பழுது பார்க்கிறவர், தனிக்கட்டை. மெத்தைக்காரி அவர் அறை வாசலில் போய் நின்றாள்.

"வீட்டை இடிச்சா நீங்க எங்க போவீங்க?"

கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே அவர் நிமிர்ந்தார். "அக்கா வீட்டுக்கு. அக்காவும் ரொம்ப நாளாக் கூப்பிடறாங்க."

"இடிக்கலைன்னா?"

"இங்கயே இருப்பேன். அக்கா நல்லவங்கதான், அவங்க வீட்டுல கடிகாரமெல்லாம் அரை மணி முன்னால ஓடும். என்னால இருக்க முடியாது."

"அதனால எழுதிக் குடுத்தீங்களா?"

"தங்கச்சி, எழுதிக் குடுக்கணும்னா அந்த ஆபீசுக்கு நேர்ல போகணுமாம். மூணு மாடி, லிப்டு கிடையாது. என் முட்டிக்கு உங்க மாடிப்படியே அதிகம்."

மூட்டு வலிக்காரர் தினமும் கடைத்தெருவுக்குப் போய் வருகிறாரே என்று அவள் யோசித்துக்கொண்டே இறங்கினாள்.

தன் வீட்டுக்காரரை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட இடமில்லை. நாலு படிக்கு மேல் ஏறாதவர் மூன்று மாடி ஏறி எழுதிக் கொடுப்பாரா? தவிர, அவர்மேல் அவள் வைத்திருந்த சந்தேகம் வேறு. மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள், நூல் வாங்கி வருகிறேன் என்று போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார். உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் நூல் இல்லை. கேட்டால், கடை பூட்டியிருந்தது என்றார். மறைவில் உட்கார்ந்து சிகரெட்டுப் பிடித்திருக்கிறார் என்று அவள் தீர்மானம் பண்ணிக்கொண்டாள். சட்டையை மோந்து பார்த்தாள், வாடை இல்லை. வாடை இல்லாததே பெரிய அத்தாட்சியாகப் பட்டது.

மழை விட்ட ஒரு மத்தியானம் இருவரும் ஒரு மெத்தைக்குக் குத்துத் தையல் போட்டார்கள். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். பஞ்சு திணித்து வாயைத் தைத்த மெத்தையைச் சட்டத்தில் நிமிர்த்திக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் உட்காருவார்கள். இந்தப் பக்கத்திலிருந்து முழ நீள ஊசியைக் குத்தினால் அந்தப் பக்கத்து ஆள் வாங்கி, ஒரு நூல் தள்ளித் திருப்பிக் குத்த வேண்டும். பிறகு இழுத்து முடிச்சு. அந்த முடிச்சுதான் பஞ்சை நகராமல் பிடித்துக்கொள்ளும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஊசி வருகிற வேகத்தைக் கொண்டுதான் எதிர்ப்பக்கத்து மனசைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவர் இந்த ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்தார்.

"யாரா இருக்கும்னு நினைக்கறீங்க?" என்றாள்.

ஊசி வந்தது. "எது?"

"எழுதிக் குடுத்தது."

"எனக்கு எப்படித் தெரியும்."

"உங்க தங்கச்சி மூஞ்சியே சரியில்ல."

"அவளை விடு. அவ மூஞ்சி பொறந்தப்பவே அப்படித்தான்."

"கடிகாரக்காரரு கதை அளக்கறாரு."

அந்தப் பக்கத்தில் இருமல் கிளம்பியது. மெத்தையே அதிர்ந்தது. அடங்கியதும் அவர் கேட்டார்: "அப்படியே குறிச்சுட்டாத்தான் என்ன? நமக்கு இந்த வீடு போதாதா?"

"போதுமா? ராத்திரியெல்லாம் உங்க நெஞ்சு கத்தறதைக் கேட்டுக்கிட்டு மேல படுத்திருக்கறவளுக்குத் தெரியும் போதுமா போதாதான்னு. அந்தக் கீழ் வீட்டுக்கு உங்களைக் கொண்டு போய் வெக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஊசி வரக் கொஞ்சம் தாமதமானது. களைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

அதிகாரிகள் வீட்டைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று தகவல் வந்ததும் அவள் முடிவு செய்துவிட்டாள். சுவர்தானே அத்தாட்சி. சுவரில் ஒன்றும் இல்லாவிட்டால் எதை வைத்துக் குறிப்பார்கள்? பஞ்சு மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். பின்னாலிருந்து சுவர் வெளியே வந்தது. மேல் வரிசை, கீழ் வரிசையாகக் கொக்கிகள், மெத்தைக் கயிறு உரசி உரசி வயிற்றுப் பக்கம் தேய்ந்து போனவை. மீனுக்கு ஒரு கண்தான் போட்டிருந்தான் அந்தப் புண்ணியவான். அவளுக்கு ஒரு கணம் கை வரவில்லை. கீழேயிருந்து இருமல் சத்தம் வந்தது. கடப்பாரையை எடுத்தாள்.

"மேல என்ன சத்தம்?" என்று கீழேயிருந்து குரல்.

"எலி. மூட்டைக்குப் பின்னால."

அப்புறம், "கால்ல போட்டுக்காம பாரு" என்றார்.

எலிக்கு எதற்கு இந்த எச்சரிக்கை என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. கொக்கிகளைப் பிடுங்கி, ஓட்டைகளை அடைத்து, மீனையும் கோழியையும் நிலாவையும் மூக்கையும் சேர்த்துச் சுண்ணாம்புச் சாந்தால் பூசி மெழுகினாள். கொக்கிகளை எங்கே ஒளிப்பது? மெத்தைக்காரிக்கு ஒளிக்க வேறு இடம் ஏது. யாரும் திரும்பி வந்து வாங்காத ஒரு பழைய மெத்தையைப் பிரித்து, நடுவில் வைத்து, பஞ்சு மூடி, வாயைத் தைத்தாள். எந்தத் திருட்டைக் கண்டுகண்டு ஊரையே திட்டினாளோ அதையே தன் கையால் செய்து முடித்து, அடுக்கின் அடிப்பக்கமாகச் செருகினாள்.

பார்க்க வந்தவர் ஒரு பெண். தடித்த கண்ணாடி, நனைந்த குடை, கூட ஒரு புகைப்படக்காரர். கடையைக் கடக்கும்போது மெத்தைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். அவரும் லேசாகத் தலையை அசைத்தார். படித்தவர்கள் எல்லாரையும் கும்பிடுவார்கள் என்று மெத்தைக்காரி நினைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்காரம்மா கூடத்துக்கு வந்து வெற்றுச் சுவர் முன்னால் நின்றார். நிறைய நேரம் நின்றார்.

"இங்கதானே கொக்கிங்க இருந்ததா..."

"கொக்கியா? நான் இந்த வீட்டுக்கு வந்து தலை நரைச்சாச்சு. ஒரு கொக்கியும் பார்த்ததில்ல."

"ஆளுங்க தங்கினாங்கன்னு..."

"அதெல்லாம் கதைங்க. எப்பவும் இது பஞ்சுக் கிடங்குதான்."

அந்தம்மா சுவரில் உள்ளங்கையை வைத்தார். மழைக்காலத்துச் சாந்து லேசில் காயாது. கையை எடுத்துப் பார்த்தார், விரலில் வெள்ளை ஒட்டியிருந்தது. மெத்தைக்காரியின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கிப்போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு, இவர் ஏன் கேட்கவில்லை என்ற புதுச் சந்தேகம் அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது.

ஆட்சேபனை உண்டா என்று கேட்கிற விசாரணை நாளன்று கொழுந்தன் வந்து அழைத்துப்போனான். கட்டிடக்காரர் ஆபீஸ் வாசலிலேயே நின்றிருந்தார். மூன்று மாடி. படிகள் உயரம், கைப்பிடி பாதியிலேயே முடிந்துவிட்டது. இரண்டாவது மாடியிலேயே மெத்தைக்காரிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்படி ஒரு இடத்தில் ஆபீஸ் வைத்தால் எந்த மனுஷன் வருவான் என்று முணுமுணுத்தபடி ஏறினாள்.

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கொழுந்தன் ஆட்சேபனை சொன்னான், அவள் தலையாட்டினாள். சுவரில் எந்த அடையாளமும் கிடைக்காததால் இந்த வாரத்தோடு இதை முடித்துவிடுவதாகச் சொன்னார்கள். கொழுந்தனும் கட்டிடக்காரரும் சிரித்த முகமாக வெளியே போனார்கள். பின்னாலேயே கிளம்பியவளைக் கண்ணாடிக்காரம்மா நிறுத்தினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? உங்க வீட்டுக்காரர் மனசு மாறிட்டாரா?"

"எதுல?"

"இல்ல, உடம்பு எப்படி இருக்குன்னுதான்... அன்னைக்கு இங்க வந்தப்போ இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் பேச்சே வரல. தண்ணி குடுத்தோம். கீழ கொண்டு விட ஆள் அனுப்பறேன்னேன், வேணாம்னுட்டார்."

மெத்தைக்காரி அந்த நாற்காலியைப் பார்த்தாள். சாதாரண மர நாற்காலி. ஒரு கை உடைந்து கம்பி சுற்றியிருந்தது.

"என்ன கேட்டாரு?" என்றாள்.

அந்தம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. வாயை மூடிக்கொண்டார். ஆனால் எதிரே நின்றவள் நகருவதாக இல்லை.

"நான் சொல்லியிருக்கவே கூடாது. சொல்லிட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்மா. குறிச்சுட்டா, அந்த வீட்டுலயே தொழில் பண்ணிக்கிட்டு இருக்கறவளை யாராலயும் கிளப்ப முடியாதில்லன்னு கேட்டார். முடியாது, அவங்க காலம் வரைக்கும் இருக்கலாம், அதுதான் விதின்னேன். அப்போ எழுதிக்கங்கன்னார். வேற ஏதாவது அடையாளம் இருந்தா வாரக் கடைசிக்குள்ள கொண்டு வரலாம்மா. அதுக்கு மேல நான் கேக்கமாட்டேன்."

மெத்தைக்காரி படியிறங்கினாள். கீழே இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நேராகக் கட்டிடக்காரரிடம் போனாள்.

"அந்தக் கீழ் வீடு யார் பேர்ல எழுதறீங்க?"

கட்டிடக்காரர் கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் மழை மறுபடி வருமா என்று வானத்தைப் பார்த்தான்.

"என்ன அண்ணி இப்போ அதைப் போய்... அண்ணன் இருக்கற வரைக்கும் அண்ணன் வீடுதானே."

"அதுக்கப்புறம்?"

"அதெல்லாம் பேசிக்கலாம் அண்ணி. நாங்க உங்களை விட்டுடுவோமா?"

பிள்ளை இல்லாதவள். பத்திரத்தில் பேர் இல்லாதவள். ஊரார் மெத்தையையெல்லாம் நடுவரை கைவிட்டுப் பார்த்தவள் இந்த ஒன்றில் மட்டும் மேல் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்க இருந்தாள். கொழுந்தனை அவள் திட்டவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் வீடுவரை நடந்தே போனாள். மழை பிடித்துக்கொண்டது. நனைந்தாள்.

கடையில் ஒரு மெத்தை சட்டத்தில் கட்டித் தயாராக இருந்தது. அவர் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவள் ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஊசி வந்தது. வாங்கித் திருப்பிக் குத்தினாள். மறுபடி வந்தது. முடிச்சுப் போட்டாள். அடுத்த முறை வாங்கிய ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"மூணு மாடி எப்படி ஏறினீங்க?"

அந்தப் பக்கத்திலிருந்து நூல் ஒரு முறை இழுபட்டு நின்றது.

"வளைவுக்கு வளைவு உக்காந்துதான்," என்றார். "ஒரு வளைவுல ஒரு பூனை படுத்திருந்தது. அதுவும் நானும் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தோம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என் தம்பி சட்டையைப் பிடிச்சிருப்பே. அவனும் அந்த ஆளும் வாசல்ல நின்னு பேசினதை நான் கேட்டேன். கண்ணை மூடியிருந்தா தூங்கறேன்னு நினைச்சுட்டாங்க. இவரு இன்னும் எத்தனை நாளைக்குன்னு பேசிக்கிட்டாங்க. கெட்டவன் இல்ல அவன், ஆசைக்காரன். எனக்கப்புறம் ஒரு ஆத்திர அவசரத்துக்கு உனக்கு அவன் வேணும். பகைச்சுக்கவும் கூடாது, அவன் கையை எதிர்பார்த்து நிக்கவும் கூடாது. அதுக்குத்தான் போனேன்."

மெத்தைக்காரிக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபம் அவளுக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

"எனக்கப்புறம், எனக்கப்புறம்னு உங்களை யாரு கணக்குப் போடச் சொன்னது? நீங்க மூச்சு விடணும்னு நான் வீட்டையே இடிக்க நிக்கறேன். நீங்க மூச்சைக் குடுத்து எனக்கு வீடு வாங்கப் போனீங்களா? அந்தப் படியிலயே விழுந்து கிடந்திருந்தா நான் இந்தச் சுவரையா கட்டிக்கிட்டு அழுவேன்? நான் உங்க சட்டையை மோந்து பார்த்துக்கிட்டு இருந்தேன், சிகரெட்டு வாடை வருதான்னு."

"தெரியும். பார்த்தேன்."

"கொக்கியைப் பிடுங்கினதும் தெரியுமா?"

"எலி அவ்வளவு சத்தம் போடுமா? மறுநாளே அடுக்குல கையை வெச்சுப் பார்த்தேன். அடியிலருந்து ரெண்டாவது மெத்தை. நடுவுல தட்டுது."

"அப்புறமும் ஏன் வாயைத் திறக்கல?"

"எனக்காகத்தானே பிடுங்கினே. எப்படிச் சொல்றது."

அவள் அழுதாள். மறைவாக அழ மெத்தை வசதியாக இருந்தது. அவர் காத்திருந்தார். வெளியே கூரைத் தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுத குரல் முழுசாக மாறுவதற்கு முன்னாலேயே திட்டம் போட ஆரம்பித்தாள்.

"பஞ்சையெல்லாம் மேல கூடத்துக்கு ஏத்திடறேன். வேலை மேல. நீங்க கீழ. பின்கட்டுல ஒரு குளியலறை கட்டிக்கலாம், முன்பக்கம்தானே தொடக்கூடாதும்பாங்க. கடைங்கறது கீழதான் இருக்கணும்னு யாரு எழுதி வெச்சாங்க?"

"குத்துத் தையல்? நான் மேல வர முடியாதே."

"பஞ்சு திணிச்சு வாயைத் தைச்சு, தூசி தட்டி, கயிறு கட்டிக் கீழ இறக்கறேன். இதை மட்டும் ரெண்டு பேரும் இங்க உக்காந்து போடுவோம்."

அவர் யோசித்தார். "சரி. ஆனா அங்கதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே."

"முடியல. வாரக் கடைசிவரைக்கும் இருக்கு. சாந்தைச் சுரண்டினா மீனு அங்கயேதான் இருக்கும். நாளைக்குக் கொக்கிங்களை எடுத்துட்டு நானே போறேன்."

"பொய் சொன்னியேன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும். ஆமான்னு சொல்றேன். அந்தம்மாவுக்கு அன்னைக்கே தெரியும், விரல்ல ஒட்டிச்சு. எதுக்குக் கேக்காம போனாங்கன்னு எனக்கு இன்னும் புரியல. அவங்களையும் முழுசா நம்பிடக் கூடாது."

அந்தப் பக்கத்தில் அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியது.

"இரும்பு கனக்குமே. மூணு மாடி."

"வளைவுக்கு வளைவு உக்காந்து ஏறிக்கறேன்," என்றாள். "நாளைக்குப் போற வழியில உங்க தங்கச்சி வீட்டுக்கும் ஒரு எட்டுப் போகணும். ரெண்டு வாரமா ரொட்டி வரல."

கையில் இருந்த ஊசியை ஒரு நூல் தள்ளிக் குத்தினாள். அந்தப் பக்கத்தில் அவர் அதை வாங்கிக்கொண்டார்.